இன்னும் அறுநூறு மீட்டர்

தென்னந்தோப்புக்கு நடுவே கார் நின்றபோது மணி ஒன்பது இருபது. மோகன்குமார் எஞ்சினை அணைக்கவில்லை. டேஷ்போர்டின்மேல் ரப்பர் பட்டை போட்டுக் கட்டியிருந்த கறுப்புப் பெட்டிக்குக் கையால் நிழல் கொடுத்துக் குனிந்து பார்த்தான். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் நீளமான பெட்டி. அதன் சாம்பல் நிறத் திரையில் ஓர் அம்பு, அம்புக்குக் கீழே போகவேண்டிய தூரம். தென்னை மட்டைகள் வானத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் அம்பு மறைந்தது, வந்தது, மறுபடியும் மறைந்தது. பக்கத்து சீட்டில் அக்காள் மகள் சண்முகப்பிரியா, பரீட்சை அட்டையை மடியில் வைத்து அதன்மேல் ஹால் டிக்கெட்டை வைத்து, இரண்டையும் பறந்துவிடாமல் பிடித்திருப்பவளைப் போலப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே காற்றே இல்லை.

நாலைந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு எதிரே வந்த ஒரு பெண், கார் போகட்டும் என்று வேலியோரம் ஒதுங்கி நின்றாள். கார் போகவில்லை என்றதும் கிட்டத்தில் வந்தாள்.

“ஏனுங்க, எங்க போகோணும்?”

“போத்தனூர்ப் பக்கம், காலேஜுக்குங்க.”

“இந்தத் தடத்துல எப்பிடீங்க போவீங்க? இது அக்கட்டால போயி ரயில் ரோட்டுல முட்டிக்குமுங்க. பேசாம வந்த தடத்துலயே திரும்பி சிங்காநல்லூருக்குப் போயிருங்க. பஸ் போற தடம் இருக்குது.”

மோகன்குமார் சிரித்தான். “இல்லீங்க, நேராத்தான் காட்டுது.”

“எதுங்க காட்டுது?” என்று அவள் காருக்குள் எட்டிப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள், பரீட்சை அட்டையைப் பார்த்தாள், பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஆடுகளுக்குப் பின்னால் போய்விட்டாள். தான் சிரித்த அந்தச் சிரிப்பை மோகன்குமார் அதற்கப்புறம் எத்தனையோ முறை நினைத்துக்கொண்டான். அது கெட்ட சிரிப்புகூட இல்லை. விவரம் தெரியாதவர்களிடம் விவரம் தெரிந்தவன் பெருந்தன்மையாகச் சிரிக்கிற சிரிப்பு.

அந்தப் பெட்டி அவனுக்குப் பொய் சொன்னதே கிடையாது. பதினோரு வருஷம் மஸ்கட்டில், பாலைவனத்துக்குக் குறுக்கே எண்ணெய்க் குழாய் பதிக்கிற கம்பெனியில் வண்டி ஓட்டினான். அங்கே தடம் என்று தனியாக ஒன்று இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல், எல்லா மணலும் தடம்தான். கடைசி மூன்று வருஷம் கம்பெனி ஆளுக்கொரு பெட்டி கொடுத்தது. வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களைக் கேட்டு, நீ இங்கே நிற்கிறாய், நீ போகவேண்டிய இடம் அதோ அந்தத் திசையில், இத்தனை தூரத்தில் என்று அது சொல்லிவிடும். ஒருமுறை மணற்காற்றில் சிக்கி, முன்னால் பானெட்டுகூடத் தெரியாத நிலையில், அம்பை மட்டும் பார்த்து நாற்பது கிலோமீட்டர் ஓட்டி மூன்று பேரைக் கூடாரத்தில் கொண்டுவந்து சேர்த்தான். மறுநாள் அந்த மூன்று பேரும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஊருக்குத் திரும்பும்போது துபாய்க் கடையில் தனக்கென்று ஒன்று வாங்கிக்கொண்டான். இங்கே அதற்குள் சாலைகள் கிடையாது, ஊர்ப் பெயர்கள் கிடையாது, வெறும் அம்புதான் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், மணலில் சரியாக இருந்த ஒன்று மண்ணில் தப்பாகிவிடும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

இந்தப் பயணத்தை அவன்தான் வலியக் கேட்டு வாங்கினான். நாலு வருஷத்துக்கு முன்னால் சண்முகப்பிரியா பெரியவளானபோது தாய்மாமன் சீருக்கு அவன் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை. பந்தலில் தாய்மாமன் நிற்கவேண்டிய இடத்தில் ஒன்றுவிட்ட மாமன் ஒருவனை நிறுத்திச் சீரை முடித்தார்கள். அக்காள் ராசாத்தாள் அதை விழுங்கிக்கொண்டாள். அவள் புருஷன் ஈஸ்வரமூர்த்திக்கு முடியவில்லை. “ஒரே பொண்ணுக்கு ஒரே மாமன். அவனுக்கு வரத் தோணுல” என்று சொன்னவர், நாலு வருஷம் மோகன்குமாரின் கடிதம் வந்தாலும் பிரிக்கவில்லை, போன் வந்தாலும் எடுக்கவில்லை. அவன் ஊரோடு வந்து சேர்ந்த தொண்ணூற்றேழு பொங்கலுக்குத்தான், யார் யாரோ பேசி, இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். மே மாதம் நுழைவுத் தேர்வு வந்தது. பவானியில் இருந்து கோயமுத்தூருக்கு முந்தின நாளே பிள்ளையைப் பஸ்ஸில் கூட்டிப்போய், ஆர்.எஸ்.புரத்தில் சொந்தக்காரர் வீட்டில் ராத் தங்கி, காலையில் ஆட்டோவில் கொண்டுபோய் விடுவது என்று ஈஸ்வரமூர்த்தி ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

“எதுக்குங்க மச்சான் அடுத்தவங்க ஊட்ல போயி படுத்துக்கிட்டு? புது எடத்துல புள்ளைக்குத் தூக்கமே வராது” என்றான் மோகன்குமார். “நான் எதுக்கு இருக்கறேன்? காலைல ஆறு மணிக்கு எடுத்தா எட்டே முக்காலுக்குக் காலேஜ் கேட்டுல கொண்டுபோயி எறக்கீருவேன்.”

“அன்னைக்கு ஈரோட்ல மஞ்சள் ஏலம். அதை உட்டுப்போட்டுத்தான் போகோணும்னு இருந்தேன்” என்று இழுத்தார் ஈஸ்வரமூர்த்தி. பிறகு, நாலு வருஷத்துக்கு அப்புறம் முதல்முறையாக அவன் தோளில் கை வைத்தார். “செரீங்க மாப்ள. உங்களை நம்பி உடறேன்.”

அந்தக் கைக்காகத்தான் அவன் அவ்வளவும் செய்தான். கோயமுத்தூர் வரைபடம் ஒன்று வாங்கி, கல்லூரி என்று போட்டிருந்த புள்ளியை ஸ்கேல் வைத்து இரண்டு தரம் அளந்து, கணக்குப் போட்டுப் பெட்டிக்குள் ஏற்றினான். ஒரு நாள் போய் நேரில் பார்த்துவிட்டு வரலாமே என்று மனைவி சாந்தாமணி சொன்னாள். “மஸ்கட்ல போயிப் பார்த்துட்டா வந்தோம்?” என்றான். அச்சடித்த காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் தரையில் எவ்வளவு பிசகும் என்று அவன் அப்போது யோசிக்கவில்லை.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே கிளம்பிவிட்டார்கள். பெருந்துறை தாண்டி வெயில் ஏறுவதற்குள் அவினாசி வந்துவிட்டது. அங்கே இட்லி சாப்பிட்டார்கள். சண்முகப்பிரியா ஒன்றரை இட்லியோடு எழுந்துவிட்டாள். காரில் ஏறியதும் தவளையின் இதயத்தில் எத்தனை அறை, பல்லியின் இதயத்தில் எத்தனை அறை என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். அன்றைக்குக் காலைத் தாள் உயிரியல். அவளுக்கு டாக்டராக வேண்டும். ‘ஆசை’ என்று அவள் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே ‘ஆவேன்’ என்றுதான் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அவளைவிட ஒரு மார்க் கூடுதலாக வாங்கினவர்கள் இல்லை.

கோயமுத்தூர் நெருங்க நெருங்க அம்பு இடதுபக்கம் சாயத் தொடங்கியது. நேரே ஊருக்குள் போய், உக்கடத்தைச் சுற்றிக்கொண்டு, போத்தனூர் போகிற பெரிய தடத்தை விட்டுவிட்டு மோகன்குமார் சூலூர்ப் பக்கம் ஒடித்தான். ஊருக்குள் இருக்கிற நெரிசலே இல்லாமல் குறுக்கே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று அவனுக்குப் பட்டது. ஒண்டிப்புதூர் தாண்டி ஒரு முக்கில், போத்தனூர் என்று எழுதி வலதுபக்கம் கை காட்டிய பலகை ஒன்று இருந்தது. அம்போ நேரே காட்டியது.

“மாமா, போர்டுல அந்தப் பக்கம் போட்டிருக்குதுங்க.”

“போர்டு பஸ்ஸுக்குக் கண்ணு. நமக்கு இது இருக்குதல்ல?”

அவள் திரும்பி அந்தப் பலகை மறைகிறவரைக்கும் பார்த்தாள். பெரியவர்களிடம் ஒரு தரம் சொல்லலாம், இரண்டாந்தரம் சொன்னால் எதிர்த்துப் பேசுகிற மாதிரி ஆகிவிடும் என்று வளர்த்த வீடு. தார் ரோடு மண் ரோடானது. மண் ரோடு, இரண்டு பக்கமும் கள்ளி வேலி நெருக்கிய இட்டேறியானது. வேலி கார்க் கதவில் உரசிக்கொண்டே வந்தது. தூரம் மட்டும் குறைந்துகொண்டே போனது. மூன்றரை, மூன்று, இரண்டு. எண் குறையக் குறைய அவனுக்கு நம்பிக்கை கூடியது.

ஆட்டுக்காரப் பெண் சொன்னது அப்படியே நடந்தது. அம்பைத் தேடித் தேடி ஊர்ந்து தோப்பைத் தாண்டியதும் தடம் ஒரு மேட்டில் முட்டி நின்றது. மேட்டின்மேல் ஜல்லி. ஜல்லியின்மேல் தண்டவாளம். மணி ஒன்பது நாற்பத்திமூன்று. திறந்த வானத்துக்குக் கீழே பெட்டி தெளிவாகிவிட்டது. அம்பு ஆடாமல் அசையாமல் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் காட்டியது. இன்னும் அறுநூறு மீட்டர்.

இரண்டு பேரும் இறங்கி நின்றார்கள். தண்டவாளத்துக்கு அப்பால் சீமைக்கருவேல முள், அதற்கும் அப்பால் தார் ரோடு. ரோட்டில் ஒரு டவுன் பஸ் போனது. சைக்கிளில் இரண்டு பேர் பேசிக்கொண்டே போனது கேட்கிற தூரம்தான்.

“மாமா, நான் எறங்கி ஓடீர்றனுங்க” என்றாள் சண்முகப்பிரியா. செருப்பை ஏற்கனவே கழற்றிக் கையில் எடுத்திருந்தாள். “அந்த ரோட்டுல யாரையாச்சும் கேட்டுக்குவேன். நீங்க சுத்திக்கிட்டு வாங்க.”

அவன் அவளைப் பார்த்தான். பாவாடை தாவணியில், பரீட்சை அட்டையோடு, தனியாக, முள்ளுக்குள். யாரென்று தெரியாத ஊர். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் மச்சானுக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்தான். அதுவும் உண்மைதான். ஆனால் அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது என்பதை அவன் பின்னாளில் தனக்குள் ஒப்புக்கொண்டான். பிள்ளையைக் கேட்டில் கொண்டுபோய் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தான். பாதி வழியில் முள்ளுக்குள் இறக்கிவிட்டேன் என்று சொல்ல அவனால் முடியாது.

“வேண்டாங் கண்ணு. ஏறு. பத்து நிமிஷத்துல சுத்தீரலாம்.”

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறினாள்.

திரும்புவதற்கே இடம் இல்லை. தோப்பு வரைக்கும் காரைப் பின்னாலேயே எடுக்க வேண்டியிருந்தது. வந்த வழியெல்லாம் திரும்பி, அந்தப் பலகையைப் பிடித்து, போத்தனூரை நெருங்கும்போது ரயில்வே கேட் சாத்தியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி, அவசரமே இல்லாமல், பெட்டி பெட்டியாகப் போனது. ஆறு நிமிஷம். கேட் திறந்து அந்தப் பக்கம் போனதும் அம்பு உற்சாகமாகத் திரும்பியது. முந்நூறு மீட்டர், நூற்றைம்பது, அறுபது. அம்பு காட்டிய இடத்தில் ஒரு மரக் கடை இருந்தது. பலகைகள் அடுக்கியிருந்தன. ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. கல்லூரி இல்லை. மோகன்குமார் அந்த மரக் கடையை இரண்டு தரம் சுற்றினான். இரண்டாவது சுற்றில்தான் சண்முகப்பிரியா கண்ணாடியை இறக்கி, அவனைக் கேட்காமல், ரோட்டில் போன ஒருவரை நிறுத்தி வழி கேட்டாள். நேரே போய், செட்டிபாளையம் ரோட்டில் திரும்பினால் ஒரு கிலோமீட்டர் என்றார் அவர்.

பத்து மணிப் பரீட்சைக்குப் பத்தேகால் வரைக்கும்தான் உள்ளே விடுவார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பத்து முப்பத்தைந்து.

வாட்ச்மேனிடம் கெஞ்சியதும் அவர் உள்ளே போய் ஒருவரைக் கூட்டிவந்தார். நரைத்த மீசை, சட்டைப் பையில் மூன்று பேனா. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட மோகன்குமாருக்குச் சண்டை போட ஓர் இடம் கிடைத்திருக்கும். ஹால் டிக்கெட்டை வாங்கி, போட்டோவைப் பார்த்து, பிள்ளையைப் பார்த்து, “நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. கொஸ்டின் பேப்பர் கவர் ஒடைச்சு முக்கால் மணி நேரத்துக்குப் பக்கம் ஆச்சு. உன்னைய உட்டா வெளிய நிக்கற எல்லாத்தையும் உடோணும்” என்றார். வெளியே வேறு யாரும் நிற்கவில்லை. கேட்டுக்கு உள்ளே, வராந்தாவில், நூற்றுக்கணக்கான செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அவ்வளவு பேர் உள்ளே இருந்தும் ஒரு சத்தம் இல்லை.

“வா கண்ணு, ஊட்டுக்குப் போயிரலாம்” என்றான் மோகன்குமார்.

“மத்தியானம் இன்னொரு பேப்பரு இருக்குதுங்க மாமா.”

“அதை எழுதி...” என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். உயிரியல் இல்லாமல் அந்தத் தாளுக்கு அர்த்தமில்லை என்பது அவனைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“எழுதிப்போட்டு வாரனுங்க” என்றாள்.

சுற்றுச்சுவர் நிழலில் உட்கார்ந்து புத்தகத்தை எடுத்துப் படித்தாள். பன்னிரண்டரைக்கு அம்மா கட்டிக் கொடுத்த தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டாள். காலையில் விட்ட இட்லியையும் சேர்த்துச் சாப்பிடுகிறவள் போல, ஒரு பருக்கை மீதம் வைக்கவில்லை. ஒன்றரைக்கு உள்ளே போனாள். மூன்று மணி நேரம் அவன் காரில் உட்கார்ந்திருந்தான். கல்லூரி வாசலிலேயே கார் நின்றிருந்தும் பெட்டி, போகவேண்டிய இடம் இன்னும் ஒரு கிலோமீட்டர் வடக்கே இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கி, அதைச் சீட்டுக்கு அடியில் தள்ளினான்.

திரும்பும்போது அவள் அழுவாள், அழுதால் ஆறுதல் சொல்லலாம் என்று அவன் காத்திருந்தான். அவள் அழவில்லை. பெருமாநல்லூர் தாண்டியதும், முன்னால் போன லாரியைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அப்பாகிட்ட ரயில்வே கேட்டு போட்டுட்டாங்கன்னு சொல்லிக்கலாமுங்க மாமா. ஒரு மணி நேரம் போட்டுட்டாங்கன்னு.”

“ஏங் கண்ணு?”

“இல்லீன்னா மறுபடியும் உங்ககூடப் பேச மாட்டாருங்க. நாலு வருஷம் அம்மா நடுவுல கெடந்து பட்டது போதுமுங்க.”

வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன், தப்பு என்னுடையது என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். சொல்லியிருக்கலாம். பவானி வருவதற்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர் இருந்தது, ஐம்பது கிலோமீட்டரும் நேரம் இருந்தது. கேட் போட்டது உண்மைதானே, ஆறு நிமிஷமோ ஒரு மணியோ, போட்டதென்னவோ போட்டதுதானே என்று மனசு கணக்குப் போட்டது. ஊர் வந்துவிட்டது.

வீட்டு வாசலில் அவள்தான் சொன்னாள். தெளிவாக, தடுமாறாமல், கூட்ஸ் வண்டி நடுவில் நின்றுவிட்டது என்றுகூடச் சேர்த்துக்கொண்டாள். ராசாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஈஸ்வரமூர்த்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “மாப்ள என்னங்க பண்ணுவாரு பாவம். நாலு மணிக்கே எந்திரிச்சு வந்தாரு” என்றார். பிறகு மகளிடம் திரும்பி, “மாமனுக்குக் காப்பி போட்டுக் குடு கண்ணு” என்றார். அவள் போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்தான்.

இது மட்டும் என்றால்கூட நாள்பட நாள்பட ஆறிப்போயிருக்கும். ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் இருக்கிறது. அதுதான் ஆறவில்லை. சண்முகப்பிரியாவை அடுத்து என்ன படிக்க வைப்பது என்று பேச அவனையும் கூப்பிட்டிருந்தார்கள். இன்னும் ஒரு வருஷம் வீட்டிலிருந்து படித்து மறுபடியும் எழுதுகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். ஈஸ்வரமூர்த்திக்கு அதில் சம்மதமில்லை.

“வயசுப் பொண்ணை ஒரு வருஷம் சும்மா ஊட்ல உக்கார வெக்கறதுங்களா? நாலு பேரு நாலு நாயம் பேசுவாங்க. நமக்குத் தலைல எழுதுனது இல்லீன்னு அந்த ரயில்வே கேட்டே சொல்லிப்போட்டுது. ஈரோட்ல லேப் டெக்னீசியன் கோர்ஸ் இருக்குதாம், ரெண்டு வருஷந்தான். என்னங்க மாப்ள சொல்றீங்க?”

விதி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது விதி அல்ல, தன் கையில் இருந்த ஒரு பெட்டி என்று மோகன்குமார் அப்போது சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைக்குத் திறமை போதாமல் போகவில்லை, தெய்வம் தடுக்கவில்லை, நான்தான் தப்பான தடத்தில் கூட்டிப்போனேன், இன்னொரு தரம் எழுதட்டும் மச்சான், என்று சொன்னால் அவர் கேட்டிருப்பார். கோபப்பட்டிருப்பார், கேட்டிருப்பார். சண்முகப்பிரியா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு தரம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் டீப்பாயில் கிடந்த பேப்பரை எடுத்து மடித்தான்.

“நீங்க பார்த்து எது செஞ்சாலும் செரிதானுங்க மச்சான்” என்றான்.

கதவருகில் யாரும் இல்லை. அவள் எப்போது உள்ளே போனாள் என்று அவன் கவனிக்கவில்லை.

அந்த வருஷம் ஆடி மாதம் ஒரு நாள் அவன் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போத்தனூர் போனான். வழி கேட்டுக் கேட்டு, நடந்தே அந்தத் தோப்பைக் கண்டுபிடித்தான். ஜல்லி மேட்டில் ஏறி நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, தண்டவாளத்தைத் தாண்டினான். முள்ளுக்குள் ஆடு போகிற ஒற்றையடித் தடம் ஒன்று இருந்தது. காரில் இருந்து பார்த்தபோது அது தெரியவில்லை. தார் ரோட்டைப் பிடித்து, ஒரு பெட்டிக்கடையில் கேட்டு, நடந்தான். ஓடவில்லை, நாற்பத்திரண்டு வயதுக்காரன் நடக்கிற நடைதான். கல்லூரிக் கேட்டைத் தொட்டபோது மணி பார்த்தான். பதினெட்டு நிமிஷம். பத்து மணிக்கு அவள் உள்ளே இருந்திருப்பாள். மூச்சு வாங்கியபடி, ஆனால் உள்ளே. வேர்த்துப்போய் நிற்கிறவனைப் பார்த்து அதே வாட்ச்மேன், “யாரைப் பார்க்கோணுமுங்க?” என்று கேட்டார். அடையாளம் தெரியவில்லை. “யாரையுமில்லீங்க” என்று திரும்பினான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, இந்தப் பதினெட்டு நிமிஷத்தை யாரிடம் சொல்லுவது என்று தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். சாந்தாமணியிடமும் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை. ஆனால் ஒரு நாள் பீரோவை ஒழுங்குபடுத்தும்போது அந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்துக் காட்டி, “இது வேணுமுங்களா?” என்றாள். அவள் கேட்ட விதத்தில், அவளுக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்தது. வேண்டாம் என்றான். அது எங்கே போயிற்று என்று விசாரிக்கவில்லை.

ஈஸ்வரமூர்த்தி மட்டும் மாறவில்லை. கல்யாண வீடோ கருமாதியோ, நாலு பேர் கூடிவிட்டால், பிள்ளையின் டாக்டர் படிப்பு போன கதையைச் சொல்லுவார். “என்ற மச்சினன் தங்கமான ஆளுங்க. விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு வந்தாரு. அந்த கேட்டுக்காரன் நாசமாப் போக” என்று ஒவ்வொரு தரமும் அதே வார்த்தைகளில் முடிப்பார். முடிக்கும்போது மோகன்குமாரின் தோளில் கை வைப்பார். அவன் தலையைக் குனிந்துகொள்வான். பணிவு என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

தொண்ணூற்றொன்பது ஐப்பசியில் அவனுக்கு அடிக்கடி நாக்கு வறண்டது, காலில் எறும்பு ஊறுவது போல இருந்தது. சர்க்கரை பார்த்துவிடச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். பவானியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் ஒரு லேப். காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு படியேறிப் போனபோது, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சண்முகப்பிரியா மேசைக்குப் பின்னால் இருந்தாள். ஏதோ ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று அக்காள் சொல்லியிருந்தாள். எந்த லேப் என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

“வாங்க மாமா. அத்தை நல்லா இருக்கறாங்களா? காப்பி கீப்பி குடிக்கலீல்ல?”

“இல்லீங் கண்ணு.”

ஸ்டூலில் உட்கார வைத்து, சட்டைக் கையை மடித்துவிட்டாள். ரப்பர் குழாயைத் தோளுக்குக் கீழே சுற்றி இறுக்கினாள். முழங்கை மடிப்பில் விரல் நுனியை வைத்து, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, நரம்பைத் தேடினாள். அவளுடைய விரல் குளிர்ந்திருந்தது. அவ்வளவு பக்கத்தில் அவளைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. காதோரம் ஒரு பரு, கோட்டுப் பையில் ஒரு சிவப்புப் பேனா. சுவரில் மனித உடம்பின் நரம்பு மண்டலம் போட்ட படம் ஒன்று, ஏதோ மருந்துக் கம்பெனி கொடுத்தது.

“கண்ணு” என்றான். “அன்னைக்கு நான் உங்கப்பாகிட்டச் சொல்லியிருக்கோணும்.”

“கைய இறுக்கி மூடுங்க மாமா.”

மூடினான். ஊசி இறங்கியது தெரியவேயில்லை. கைதேர்ந்தவளாக இருந்தாள்.

“இப்பவாச்சும் போயிச் சொல்லிப் போடறேன். மச்சான் என்னைய என்ன வேணா பண்ணட்டும்.”

அவள் ஊசியிலேயே கண்ணாக இருந்தாள். கண்ணாடிக் குழலுக்குள் ரத்தம் கறுப்பாக ஏறி வந்தது.

“நீங்களாச் சொல்லுவீங்கன்னு ஒரு வருஷம் பார்த்தனுங்க மாமா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடை திறந்திருக்கும் என்று போய்ப் பார்த்தேன் என்று சொல்வது போலச் சொன்னாள். “கையத் தொறங்க.”

திறந்தான். ரப்பர் குழாய் பட்டென்று தளர்ந்தது. பஞ்சை வைத்து அழுத்தி, அவன் கையை அவளே முழங்கையோடு மடக்கிவிட்டாள்.

“இப்பிடியே வெச்சிருங்க. சாப்ட்டுப்போட்டு ரெண்டு மணி நேரங் கழிச்சு மறுபடியும் வரோணும்.”

வெள்ளை ஒட்டுத்தாளில் சிவப்புப் பேனாவால் அவன் பெயரை எழுதினாள். மோகன்குமார், வயது 44. குழலில் ஒட்டி, ஏற்கனவே ஏழெட்டுக் குழல்கள் நின்றிருந்த மரச்சட்டத்தில் கடைசி ஓட்டையில் செருகினாள். மற்றவர்களுடையதில் இருந்து அதைத் தனியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. வெளியே பெஞ்சில் குழந்தையை வைத்துக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்து நின்றாள். “வாங்கக்கா” என்று சண்முகப்பிரியா அவளைக் கூப்பிட்டு, குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, பயப்படாதே சாமி, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று பேச ஆரம்பித்தாள்.

மோகன்குமார் படியிறங்கி வந்தான். பஸ் ஸ்டாண்டில் ஈரோட்டு வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. எதிர் ஓட்டலில் இட்லிச் சட்டியைத் திறந்தார்கள், ஆவி தெருவரைக்கும் வந்தது. மடக்கிய கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவன் ரோட்டோரத்தில் நின்றான். எவ்வளவு நேரம் மடக்கி வைத்திருக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அவனைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் போனார்கள். ஒருவர் கை என்னாச்சுங்க என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.